குனிந்தால்தான் தெரியும் புகையான்

சம்பா தூர் கட்டும் பருவம் என்பதாலோ என்னவோ, இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ஆசாமியைப் பற்றி. எனவே அரசியலும் சினிமாவும் அடுத்த இதழுக்கு. நட்சத்திரங்கள் மன்னிக்கவும்.

● அரிசியைக் கடை மூட்டையில் மட்டுமே பார்த்தவள் நான். புகையான் புகையான் என்கிறார்களே, யார் அது?
– இல்லத்தரசி, மேற்கு மாம்பலம்

நெற்பயிரின் சாற்றைக் குடித்தே பிழைக்கும் பழுப்பு நிறத் தத்துப்பூச்சி. நீளம் நான்கைந்து மில்லிமீட்டர். சில்வண்டுக்கு நெருங்கிய சொந்தம். உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடிய மூட்டைப்பூச்சிக்குத் தூரத்து உறவு. கையில் லென்ஸ் இருந்தால் பின்னங்காலைப் பாருங்கள். கணுவின் ஓரத்தில் அசையக்கூடிய பெரிய முள் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் குடும்ப அடையாள அட்டை. பச்சைத் தத்துப்பூச்சியிடம் அது கிடையாது. 1854-ல் கார்ல் ஸ்டோல் என்ற ஸ்வீடன் நாட்டுப் பூச்சியியலாளர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். நெல் விவசாயிகள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே வேறு பெயர்கள் சொல்லி வைதுகொண்டிருந்திருப்பார்கள்.

● நேற்றுவரை பச்சைப் பசேல். இன்று வயல் நடுவில் வட்டமாகக் கருகிக் கிடக்கிறது. பக்கத்து வயல்காரர் மேல் எனக்குச் சந்தேகம்.
– சம்பா விவசாயி, மன்னார்குடி

அவர் நிரபராதி. "நேற்றுவரை பச்சை" என்கிறீர்களே, மேலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். கீழே ஒரு மாதமாகப் பந்தி நடந்திருக்கிறது.

கணக்குப் போடுவோம். சிறகுள்ள பெண் பூச்சி ஒன்று பறந்து வந்து உங்கள் வயலில் இறங்குகிறது. இலையுறையைக் கீறி, வாழைப்பழம் போல் வளைந்த முட்டைகளை உள்ளே வரிசையாகச் செருகுகிறது. ஆயுளில் இருநூறு முந்நூறு முட்டை. ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சு. ஐந்து முறை தோலுரித்து, இரண்டு மூன்று வாரத்தில் வளர்ந்த பூச்சி. அந்த மகள்களில் பலருக்குக் குட்டைச் சிறகு, பறக்க வராது. நடந்தும் தத்தியும் அடுத்த குத்துக்குப் போய் அங்கே குடித்தனம் வைப்பார்கள். இப்படி நாலாபுறமும் அடுத்தடுத்த குத்தாகப் பரவுவதால்தான் கருகல் வட்டமாக விழுகிறது. பக்கத்து வயல்காரர் தீ வைத்திருந்தால் இத்தனை ஒழுங்காக எரிந்திருக்காது.

சாறு போவதோடு நஷ்டம் நிற்பதில்லை. அதன் வாய் ஊசி குத்திய இடத்தில் எச்சில் உறைந்து, பயிரின் சாற்றுக் குழாய்களையே அடைத்துவிடுகிறது. இலை மஞ்சளாகி, பழுப்பாகி, புகைந்து கருகியது போல் காய்கிறது. இது போதாதென்று, பயிரைப் புல்லாகக் குட்டையாக்கும் வைரஸ் ஒன்றையும், இலையைக் கந்தலாக்கும் வைரஸ் ஒன்றையும் வயலுக்கு வயல் சுமந்து போகும்.

● பூச்சி என்றால் இலையில், பூவில் உட்கார வேண்டாமா? இது ஏன் அடித்தண்டையே கட்டிக்கொண்டு கிடக்கிறது?
– கல்லூரி மாணவர், சிதம்பரம்

நடுப்பகலில் ஒரு முறை வயலில் இறங்கி, கையைப் பயிருக்கு மேலேயும் பிறகு அடியிலும் நீட்டிப் பாருங்கள். மேலே வெயில், காற்று. கீழே, தூர்கள் நெருங்கி மூடிய இடத்தில், நிழல், ஈரம், அசையாத காற்று. தண்ணீர் நிற்பதால் சூடும் சட்டென்று ஏறி இறங்காது. மெல்லிய உடம்புள்ள இந்தப் பூச்சிக்கும் அதன் முட்டைக்கும் உலர்ந்த காற்றுதான் எமன். ஆகவே நீர்மட்டத்துக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குள் அதன் உலகம் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு சாணில் சாப்பாடு, வீடு, பிரசவ ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கின்றன. மேலே வர என்ன அவசியம்?

பார்க்கும் முறை இது. குத்தை இரண்டு கையாலும் விலக்குங்கள். அடித்தண்டை உள்ளங்கையால் லேசாகத் தட்டுங்கள். பூச்சிகள் தண்ணீரில் உதிரும். மூழ்காது, நீர்ப்பரப்பிலேயே துள்ளித் திரும்பவும் தண்டைப் பிடிக்கும். வெளுத்த பொடிகள் குஞ்சுகள். வளர வளரப் பழுப்பு ஏறும். விரலைக் கிட்டக் கொண்டுபோனால் பக்கவாட்டில் நகர்ந்து தண்டின் மறுபக்கம் ஒளிந்துகொள்ளும். தண்டு பிசுபிசுத்து, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்திருந்தால் குடும்பம் பெரிது என்று பொருள். குடித்த சாற்றில் மிஞ்சிய சர்க்கரையை அது வெளியே விட்டதுதான் அந்தப் பிசுபிசுப்பு.

வரப்பில் பைக்கை நிறுத்தி, இறங்காமலே பயிர் பார்க்கும் விவசாயியைத்தான் புகையானுக்கு மிகவும் பிடிக்கும்.

● மனிதன் நெல் நட ஆரம்பிக்கும் முன் இது எதைத் தின்றது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ஆசியாவின் சதுப்புகளிலும் குளக்கரைகளிலும் வளரும் காட்டு நெல்லை. ஆனால் காட்டு நெல் அங்கொரு திட்டு இங்கொரு திட்டு. பூச்சியும் அதற்குத் தக்கபடி கொஞ்சம்தான். இன்றும் லீர்சியா என்ற சதுப்புப் புல்லில் மட்டும் வாழும் ஒரு கிளை உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் புல்லில் பிறந்தது நெல்லில் விருத்தியாவதில்லை. நெல்லில் பிறந்தது புல்லில் தேறுவதில்லை.

நாம் என்ன செய்தோம்? சதுப்பைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒரே பயிரை நெருக்கி நட்டு, தண்ணீரைக் கட்டி, உரத்தைக் கொட்டி, ஒரு போகம் முடிந்ததும் அடுத்த போகத்தைத் தொடங்கினோம். உரம் தாங்கும் குட்டை ரகங்கள் பரவிய சில ஆண்டுகளிலேயே, 1973-74-ல், கேரளத்தின் குட்டநாட்டில் புகையான் பெருவாரியாகக் கிளம்பி வயல்களைக் காயவைத்தது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, வியட்நாம் என்று அந்தப் பத்தாண்டு முழுக்க இதே கதை. வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு, குடிவந்தவரைப் பார்த்து "எப்படி வந்தாய்?" என்றால்?

● புகையான் கடிக்குமா?
– ஆறாம் வகுப்பு மாணவி, பட்டுக்கோட்டை

அதற்குப் பல் கிடையாது, ஊசிதான். அந்த ஊசியும் நெல்லுக்குத்தான். நீ நெல் இல்லையே, பயப்படாதே.

● இவ்வளவு இருட்டில், நெரிசலில் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று எப்படிக் கண்டுபிடிக்கின்றன?
– புதுமாப்பிள்ளை, திருவாரூர்

அனுபவஸ்தர் கேட்கிற கேள்வி மாதிரி இருக்கிறதே! பார்த்து அல்ல, தண்டு வழியாக. வயிற்றை அதிரவைத்து நெல் தண்டில் தட்டும்; அதிர்வு தண்டோடு ஓடி, குத்தில் இருக்கும் துணையின் காலுக்குப் போய்ச் சேரும். நம் காதுக்கு எட்டாத இந்தக் கச்சேரியைக் கருவி வைத்துப் பதிவு செய்து ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் பிரிட்டனின் மைக்கேல் கிளாரிட்ஜ். நெல்லில் வாழும் பூச்சிக்கும் லீர்சியாவில் வாழும் பூச்சிக்கும் தாளத்தின் வேகமே வேறு என்று தெரிய வந்தது. தாளம் ஒத்துவராவிட்டால் சம்பந்தம் இல்லை.

● சில பூச்சிக்கு நீளச் சிறகு, சிலவற்றுக்குக் குட்டை. இரண்டும் வேறு வேறு இனமா?
– வேளாண் பட்டயப் படிப்பு மாணவர், தேனி

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். சாறு தாராளமாக இருந்தால் குட்டைச் சிறகு. பறக்கும் செலவு மிச்சம், முட்டை அதிகம். கூட்டம் நெருக்கி, பயிர் முற்றினால் நீளச் சிறகு. மூட்டை கட்டிக் கிளம்ப வேண்டியதுதான். இதைத் தீர்மானிப்பது இரண்டு இன்சுலின் ஏற்பிகள் என்று சீன ஆய்வாளர்கள் 2015-ல் கண்டுபிடித்தார்கள். ஒன்று சிறகை நீட்டும், மற்றது தடுக்கும். சர்க்கரை நோய் வார்டில் கேள்விப்பட்ட அதே இன்சுலின் வகையறாதான்.

● கடலையே தாண்டும் என்று என் மகன் அளக்கிறான். அரை சென்டிமீட்டர் பூச்சிக்கு இது அதிகப்படி இல்லையா?
– உப்பு வியாபாரி, தூத்துக்குடி

மகன் அளக்கவில்லை. 1967 ஜூலையில், ஜப்பானுக்குத் தெற்கே ஏறத்தாழ 500 கிலோமீட்டரில், பசிபிக் கடலில் நின்றிருந்த வானிலை ஆய்வுக் கப்பலின் மேல் தத்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. அதுவரை ஜப்பானிய ஆய்வாளர்கள், இந்தப் பூச்சி குளிர்காலத்தை எந்தப் புதரில் கழிக்கிறது என்று உள்ளூரிலேயே தேடிக்கொண்டிருந்தார்கள். எந்தப் புதரிலும் இல்லை. குளிரில் உறங்கிக் கிடக்கும் வித்தை இதற்குத் தெரியாது. ஜப்பானிலும் கொரியாவிலும் பனிக்காலம் வந்தால் சாவுதான். ஆண்டு முழுக்கத் தங்குவது வட வியட்நாம், தென்சீனா போன்ற வெப்பப் பகுதிகளில். அங்கிருந்து வசந்தத்தில் வடக்கே நகர்ந்து, ஜூன், ஜூலை மழைக்காலத்தில் அந்திக் கருக்கலில் மேலெழும்பி, தென்மேற்குக் காற்றில் ஏறிக் கடலைக் கடக்கிறது. சிறகு மிதக்க மட்டும். மற்ற வேலையைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

ஜப்பான் இதற்குக் கொடுத்த விலை பெரிது. 1732-ல் மேற்கு ஜப்பானில் தத்துப்பூச்சிகள் நெல்லை அழித்துக் கியோஹோ பஞ்சம் வந்தது, ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். ஊர்க்காரர்கள் தீப்பந்தம் ஏந்தி, வைக்கோல் பொம்மை தூக்கி, பூச்சியை ஊர் எல்லைக்கு வழியனுப்பும் சடங்கு நடத்தினார்கள். அந்தப் பொம்மை சைத்தோ சனேமோரி என்ற போர்வீரர். 1183-ல் நடந்த சண்டையில் நெல் தாளில் கால் இடறி மாண்டவர், அந்த ஆத்திரத்தில் நெல்லைத் தின்னும் பூச்சியாகிவிட்டார் என்பது நம்பிக்கை. சடங்கோடு நிற்காமல் திமிங்கல எண்ணெயையும் கையிலெடுத்தார்கள். வயல் தண்ணீரில் சில சொட்டு விட்டால் எண்ணெய்ப் படலம் பரவும்; பயிரைத் தட்டினால் பூச்சி அதில் விழுந்து மூச்சுமுட்டிச் சாகும். ஓகுரா நாகட்சுனே என்பவர் 1826-ல் இதற்கென்றே படங்களோடு ஒரு நூல் எழுதினார். பூச்சி இருக்கும் இடத்தைச் சரியாகக் கவனித்தவர்களின் வைத்தியம் அது. திமிங்கலங்களுக்கு மட்டும் நியாயமில்லை.

● பயிர் கரும்பச்சையாக இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். யூரியா கூடப் போட்டால் என்ன?
– குறுவை விவசாயி, மயிலாடுதுறை

புகையானுக்கும் நல்ல தூக்கம் வரும். பயிர்ச் சாற்றில் சர்க்கரை ஏராளம், புரதச் சத்து பற்றாக்குறை. அதுதான் பூச்சிக்கு இருக்கும் ஒரே கஷ்டம். யூரியாவை அள்ளிவிட்டு அந்தக் கஷ்டத்தையும் நீங்கள் தீர்த்துவைக்கிறீர்கள். முட்டை கூடுகிறது, குஞ்சு பிழைக்கிறது, தழை அடர்ந்து நிழலும் கிடைக்கிறது. இலை வண்ண அட்டையைப் பயிரோடு ஒப்பிட்டுப் பார்த்து, பிரித்துப் பிரித்துப் போடுங்கள்.

● மூன்று முறை மருந்தடித்தேன். முன்பைவிட அதிகமாக இருக்கிறது. மருந்து போலியா?
– விவசாயி, திருத்துறைப்பூண்டி

மருந்து அசலாக இருந்தாலே இப்படி நடக்கும், அதுதான் வேடிக்கை. விசைத்தெளிப்பான் தெளிப்பது பயிரின் தலைக்கு. பூச்சி இருப்பது காலடியில். முட்டையோ தண்டுக்குள் பத்திரம். வெளிப்படையாகத் திரிகிறவர்கள் யார்? வலை கட்டாமல் தண்ணீர்மேல் ஓடி வேட்டையாடும் ஓநாய்ச் சிலந்தி, முட்டையைத் தேடித் தேடி உறிஞ்சும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி, நீரில் விழும் குஞ்சைக் கவ்வும் நீர்ப்பூச்சிகள். முதல் தெளிப்பில் போலீஸ் காலி. பத்து நாளில் முட்டை பொரிந்து வரும்போது தெருவில் ஆளே இல்லை.

இன்னொன்றும் உண்டு. எஸ்.செல்லையாவும் இ.ஏ.ஹைன்ரிக்ஸும் 1980-ல் வெளியிட்ட ஆய்வு, டெல்டாமெத்ரின், மெத்தில் பாரத்தியான் போன்ற மருந்துகள் கொல்லாத அளவில் பட்டால் பெண் பூச்சி வழக்கத்தைவிட அதிகம் குடிக்கிறது, அதிகம் பெருகுகிறது என்று காட்டியது. காசு கொடுத்து டானிக் வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.

இதை ஒரு நாடே பட்டுத் தெரிந்துகொண்டது. 1984-ல் அரிசியில் தன்னிறைவு என்று மார்தட்டியது இந்தோனேசியா. பூச்சிமருந்து விலையில் பெரும்பகுதியை அரசே மானியமாகக் கொடுத்தது. விவசாயிகளும் அடித்துத் தள்ளினார்கள். 1985-86-ல் ஜாவாவில் புகையான் பேயாட்டம் ஆடியது. அதிபர் சுகார்த்தோ 1986 நவம்பரில், 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லில் பயன்படுத்தத் தடை போட்டார். 1989-க்குள் மருந்து மானியமும் ஒழிந்தது. விவசாயிகளை வயலுக்கே கூட்டிப்போய், எது எதிரி, எது நண்பன் என்று எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. மருந்து குறைந்தது, நெல் விளைச்சல் விழவில்லை. ராணுவத் தளபதிக்கே சிலந்தியின் அருமை தெரிந்திருக்கிறது, நம் மருந்துக் கடைக்காரருக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

● நாங்கள் கபில நிறத் தத்தி என்போம். எங்கள் ரத்து ஹீனட்டி நெல்லை உலகம் முழுக்கத் தேடினார்களாமே, மெய்யா?
– வாசகர், மட்டக்களப்பு

மெய்தான். சிங்கள ஊர்களின் அந்தப் பழைய சிவப்பு நெல்லில் இருந்து கிடைத்த எதிர்ப்பு மரபணு, உலகின் புகையான் ஆராய்ச்சியில் மூன்றாவதாகப் பெயர் பெற்றது. எங்களுக்கும் கொஞ்சம் பெருமை இருக்கிறது. இரண்டாவது மரபணு கண்டறியப்பட்ட ஏ.எஸ்.டி. 7, தாமிரபரணிக் கரையின் அம்பாசமுத்திரத்து நெல். பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1973-ல் வெளியிட்ட முதல் எதிர்ப்பு ரகமான ஐ.ஆர். 26-இன் பெற்றோரில் ஒன்று திருவள்ளூர் பக்கத்துத் திரூர்குப்பத்தின் டி.கே.எம். 6. இதில் ஓர் அதிசயம்: டி.கே.எம். 6 புகையானுக்குத் தாக்குப்பிடிக்காது. பிள்ளைக்கு மட்டும் எதிர்ப்பைக் கொடுத்துவிட்டது. பட்டாம்பியின் பி.டி.பி. 33-ஐ மறந்தால் மலையாளிகள் கோபிப்பார்கள்.

ஆனால் ஒற்றை மரபணுவை நம்பி ஊர் முழுக்க ஒரே ரகம் நட்டால், பூச்சி படித்துத் தேறிவிடுகிறது. ஐ.ஆர். 26-க்கு இரண்டு மூன்று வருஷத்தில் அந்தக் கதி. அடுத்து 1976-ல் வந்த ஐ.ஆர். 36 இன்னும் சில வருஷம் தாங்கியது. ரகத்தை மாற்றி மாற்றி நடுங்கள்.

● தத்துப்பூச்சியின் காலில் பற்சக்கரம் இருக்கிறதாமே? நாங்கள் நாள் பூராவும் கடைந்துகொண்டு கிடக்கிறோம்.
– லேத் பட்டறை உரிமையாளர், பீளமேடு

இருக்கிறது, ஆனால் புகையானிடம் அல்ல. ஐரோப்பியத் தோட்டங்களில் வாழும் இஸ்ஸஸ் என்ற உறவுக்காரரிடம். கேம்பிரிட்ஜின் மால்கம் பரோஸும் கிரிகரி சட்டனும் 2013-ல் வெளியிட்டார்கள். குஞ்சின் பின்னங்கால் தொடக்கத்தில், பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பல். தாவும்போது இரண்டு சக்கரமும் கோத்துக்கொண்டு சுழல்வதால், இரு காலும் நொடியின் லட்சத்தில் மூன்று பங்கு வித்தியாசத்துக்குள் உதைக்கின்றன. ஒரு கால் முந்தினால் பூச்சி பம்பரமாகிவிடும். கடைசித் தோலை உரித்ததும் சக்கரம் மறைந்துவிடுகிறது. பெரியவர்களுக்குச் சக்கரம் இல்லாமலே தாவத் தெரியும். ஆர்டர் எடுக்க வாய்ப்பில்லை.

● சரி, கதை போதும். எப்போதுதான் மருந்தடிப்பது?
– அவசரக்காரர், ஒரத்தநாடு

எண்ணிவிட்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கணக்கு எளிமையானது: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு பூச்சி; குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். அதைத் தாண்டினால் முதலில் தண்ணீரை வடியுங்கள். வேப்ப மருந்தில் தொடங்குங்கள். ரசாயனம் தவிர்க்க முடியாவிட்டால், டெல்டாமெத்ரின் போன்ற செயற்கைப் பைரித்ராய்டைத் தொடாமல், வேளாண் அலுவலர் சொல்லும் மருந்தை அடித்தண்டில் படும்படி அடியுங்கள்.

அதைவிட நல்லது நடவன்றே தொடங்குவது. எட்டடிக்கு ஓரடி பட்டம் விடுங்கள். வெயிலும் காற்றும் அடிவரை இறங்கும், பூச்சிக்கு வீடு பிடிக்காது. நெல்லுக்கு நண்டோட இடம் விடச் சொன்ன பாட்டன் சும்மா சொல்லவில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுங்கள். வரப்பில் உளுந்தோ தட்டைப்பயறோ போடுங்கள். சிலந்திக்கு ஒதுங்க இடம், உங்களுக்குச் சாம்பாருக்குக் காய். பட்டம் விட்டால் நிலம் வீணாகும் என்று கணக்குப் பார்க்கிறவர்கள், கருகிய வட்டத்தின் பரப்பையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கலாம்.

● புகையானால் யாருக்காவது நன்மை உண்டா?
– நம்பிக்கைவாதி, நாகர்கோவில்

சிலந்திக்கு. அப்புறம் மருந்துக் கம்பெனிக்கு.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தீப்பெட்டியில் பூச்சியை அடைத்து அலுவலகத்துக்கு அனுப்பாதீர்கள். நாலு பெட்டி வந்தது. மூன்றில் இருந்தவை பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சிகள், அதாவது உங்கள் கூலியில்லா வேலையாட்கள். சந்தேகம் இருந்தால், பத்துக் குத்தில் எத்தனை பூச்சி, எத்தனை சிலந்தி என்று எண்ணி எழுதிக்கொண்டு, உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள்.